பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் பெண்களுக்குத் தையல் தொழில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தையல் வகுப்பில் சேர நினைப்பவர்கள், சேர்ந்து பாதியில் நிற்பவர்கள், வகுப்பு நடத்துபவர்கள் என எல்லாரிடமிருந்தும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே பேசுவதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

“எனக்கு ஊசியில நூல் கோக்கக்கூட வராது. நான் கத்துக்க முடியுமா?”

முடியும். கைத்தையல் முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை. இன்ச் டேப்பில் அரை, கால், அரைக்கால் பார்க்கத் தெரியவேண்டும். ஓர் எண்ணைப் பாதியாக்கவும் நாலில் ஒன்றாக்கவும் வரவேண்டும். மார்பளவு 36 என்றால் நாலில் ஒன்று 9, 37 என்றால் ஒன்பதே கால். தொடக்கத்துக்கு இந்தக் கணக்கு போதும்.

முதல் வாரம் நூலே வேண்டாம். கோடு போட்ட தாளை மெஷினில் வைத்து, வெறும் ஊசியால் கோட்டின்மேல் ஓட்டிப் பழகுங்கள். நேர்க்கோடு வந்தபின் சதுரம், அதன்பின் வட்டம். சதுரத்தின் மூலைக்கு வந்ததும் ஊசியைக் கீழே இறக்கியபடியே நிறுத்தி, துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கித் தாளைத் திருப்ப வேண்டும். கை, கால் இரண்டும் ஒன்றாக நிற்கப் பழகும் இடம் இந்த மூலைதான். தாளில் ஓட்டினால் ஊசி முனை மழுங்கும். அதற்கென்று ஒரு பழைய ஊசியை ஒதுக்கிவிடுங்கள்.

“எத்தனை மாசத்துல கையில காசு வரும்?”

நாளுக்கு 2 மணி நேரம், வாரத்துக்கு 5 நாள் என்று உட்கார்ந்தால், 6 வாரத்தில் நேர்த்தையலும் ஓர மடிப்பும் கைக்கு வந்துவிடும். அந்த நிலையிலேயே ஆல்டர் வேலைக்கு, அதாவது தைத்த உடுப்பைத் திருத்திக் கொடுப்பதற்கு, கூலி வாங்கலாம். அடுத்தவர் உடம்புக்கு அளவெடுத்து, வெட்டி, முழு உடுப்பைத் தைத்துக் கொடுக்க 4 முதல் 6 மாதம் பிடிக்கும். 30 நாளில் டெய்லர் ஆக்குகிறோம் என்பவர்கள் தையலை மட்டும் சொல்லித்தந்து கட்டிங்கை விட்டுவிடுவார்கள். கட்டிங் தெரியாதவர் கடைசிவரை வெட்டித் தருபவரை எதிர்பார்த்தே உட்கார்ந்திருக்க வேண்டிவரும்.

இப்போது செய்யும் வேலையை உடனே விட்டுவிடாதீர்கள். தையலில் வரும் காசு தொடர்ந்து 3 மாதம் பழைய சம்பளத்தில் பாதியைத் தாண்டட்டும், அப்புறம் யோசிக்கலாம்.

“பயிற்சி மையத்துல சேர்றதுக்கு முன்னாடி என்னென்ன விசாரிக்கணும்?”

ஒரு மெஷினுக்கு எத்தனை பேர் என்று முதலில் கேளுங்கள். 2 பேருக்கு மேல் என்றால் வகுப்பு நேரத்தில் பாதிக்கு மேல் வேடிக்கை பார்ப்பதிலேயே போகும். அளவெடுப்பது, கட்டிங், கூலி நிர்ணயம் மூன்றும் பாடத்தில் உண்டா, வகுப்பு முடிந்தபின் மெஷினை வந்து பயன்படுத்த விடுவார்களா என்றும் கேட்க வேண்டும்.

பயிற்சி என்ற பேரில் வெளி ஆர்டர் துணியைத் தைக்கவைத்துக் கூலி தராத இடங்கள் உண்டு. பழகும் துணி விற்பனைக்குப் போனால் அதற்குக் கூலி வேண்டும் என்பதைச் சேரும்போதே பேசிவிடுங்கள். சான்றிதழ்களின் அசலை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள், நகல் போதும். இலவச மெஷின் என்று சொன்னால், அது யார் பெயரில் இருக்கும், எப்போது உங்களுக்குச் சொந்தமாகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

“கைக்குழந்தை இருக்கு. எப்படி வகுப்புக்குப் போறது, எப்படி வீட்டுல தைக்கிறது?”

ஒரே நிலையில் இருக்கும் இரண்டு பேர் காலை, மாலை என வேறு வேறு வகுப்பில் சேர்ந்து, மாற்றி மாற்றிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது நடைமுறையில் நன்றாக ஓடும் ஏற்பாடு. அப்படி ஆள் இல்லையென்றால், பக்கத்து அறையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மையமாகத் தேடுங்கள்.

வீட்டில் மிதி மெஷின் என்றால் குழந்தையின் விரல் பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் போய்விடலாம். எழுந்து போகும்போது பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். மோட்டார் என்றால் ஸ்விட்சை அணைக்காமல் எழக்கூடாது. குண்டூசியை எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள்; தரையில் தேட ஒரு காந்தம் வேண்டும். ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகள் எல்லாம் கிடைக்கும்வரை துணியை யாரிடமும் தராதீர்கள்.

“எந்த மெஷின் வாங்கறது? மிதிக்கிறதா, மோட்டாரா, பவர் மெஷினா?”

மின்சாரம் அடிக்கடி போகும் இடத்தில் மிதி மெஷின்தான் சோறு போடும். மின்சாரம் சீராக இருந்தால் அதே மெஷினில் பின்னால் ஒரு சிறிய மோட்டார் பொருத்திக்கொள்ளலாம். ஆகவே தொடக்கத்துக்கு, மோட்டார் பொருத்த வசதியுள்ள மிதி மெஷினைச் சொல்வோம். பூவேலை, எழுத்து என்று நூறு டிசைன் காட்டும் சிறிய பிளாஸ்டிக் மெஷின்கள் வீட்டு உபயோகத்துக்கானவை. தினமும் 5 மணி நேரம் ஓட்டினால் தாங்காது.

தொழிற்சாலை ரகப் பவர் மெஷின் நிமிடத்துக்கு 5000 தையல் வரை போகும். கைக்கு வேகம் வராதவர் அதை வாங்கினால் துணிதான் கெடும். ஆர்டர் நிரந்தரமானபின் வாங்குங்கள், அதிலும் சர்வோ மோட்டார் உள்ளதாகப் பாருங்கள். மிதிக்கும்போது மட்டுமே ஓடுவதால் மின்சாரம் மிச்சமாகும், சத்தமும் குறைவு. பழைய கிளட்ச் மோட்டார் ஸ்விட்ச் போட்டதிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும். துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மெஷினுக்கு முதல் வருடம் அவசரமில்லை. பக்கத்தில் அந்த மெஷின் வைத்திருப்பவரிடம் கூலிக்கு அடித்துக்கொள்ளலாம்.

“பழைய மெஷின் வாங்கினா ஏமாந்துடுவோமா?”

பார்த்து வாங்கினால் ஏமாற்றம் இல்லை. சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளர்ந்தால் வேண்டாம். ஊசி மாட்டும் தண்டை விரலால் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் தையல் விட்டுவிட்டு விழும். ஊசி இறங்கும் தகட்டுத் துளையைச் சுற்றிக் கீறல் இருந்தால் நூல் அதில் உரசி அறுபடும், ஆனால் தகட்டை மாற்றுவது பெரிய செலவில்லை. கடைசியாக இரண்டு மடிப்புத் துணியிலும் நாலு மடிப்புத் துணியிலும் தைத்துப் பாருங்கள். துணி சீராக நகராமல் நின்றால் கீழே இருக்கும் பல் தேய்ந்திருக்கலாம்.

“அடிக்கடி நூல் அறுந்துபோகுது. கீழ்ப்பக்கம் சுருள் சுருளா வருது. மெஷின் கெட்டுப்போச்சா?”

பெரும்பாலும் இல்லை. கீழ்ப்பக்கம் சுருள் விழுந்தால் குற்றம் மேல்நூலில். இதைக் கேட்டு ஆச்சரியப்படாதவர் குறைவு. எல்லாரும் முதலில் அடிநூல் சுற்றியிருக்கும் பாபினைத்தான் கழற்றுவார்கள். பிரஷர் ஃபுட்டை இறக்கிவைத்துக்கொண்டு நூல் கோத்தால், நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருப்பதால் நூல் அவற்றுக்கு நடுவில் உட்காராது. ஃபுட்டைத் தூக்கிவிட்டு, மேல்நூலை முழுவதும் உருவி, மறுபடி கோத்துப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

மேல்பக்கத்தில் நூல் நேர்க்கம்பிபோல் கிடந்து, அடிநூல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் டென்ஷன் அதிகம்; கொஞ்சம் தளர்த்துங்கள். பாபின் உட்காரும் கூடான பாபின் கேஸைச் சோதிக்க, நூல் நுனியைப் பிடித்துத் தொங்கவிட்டு லேசாக உதறுங்கள். கொஞ்சம் இறங்கி நின்றால் சரி. சரசரவென்று இறங்கினால் தளர்வு, அசையவே இல்லையென்றால் இறுக்கம். அதன் சின்னத் திருகாணியை ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள்.

நூல் அறுவதற்கு ஊசியைப் பாருங்கள். மேலே முட்டும்வரை ஏற்றாமல் மாட்டியிருக்கலாம், தட்டைப் பக்கம் தவறான திசையில் இருக்கலாம், அல்லது மழுங்கியிருக்கலாம். 8 மணி நேரம் தைத்தால் ஒரு ஊசியை மாற்றுவது நல்லது. மெல்லிய துணிக்கு 11, சாதாரணப் பருத்திக்கு 14, ஜீன்ஸ் போன்ற தடித்த துணிக்கு 16 அல்லது 18. இழுபடும் பனியன் துணிக்கு உருண்டை முனை ஊசி வேண்டும். கூர்முனை இழையை வெட்டி ஓட்டை போடும். தொடங்கும்போது இரண்டு நூல் நுனியையும் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள், துணியைப் பின்பக்கம் இழுக்காதீர்கள். இழுத்தால் ஊசி வளைந்து தகட்டில் மோதி உடையும். எண்ணெய் என்றால் மெஷின் எண்ணெய் மட்டும். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகி மெஷினை இறுக்கிவிடும்.

“தைக்க வருது. கத்தரிக்கோல் பிடிச்சாத்தான் கை நடுங்குது.”

நடுங்குவதில் நியாயம் உண்டு. தையலைப் பிரித்துவிடலாம், வெட்டியதை ஒட்ட முடியாது. அதனால் வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் தாளில் வெட்டுங்கள், பிறகு பழைய படுக்கை விரிப்பில் வெட்டித் தைத்து ஒருவருக்குப் போட்டுப் பாருங்கள், அதன்பிறகுதான் புதுத்துணி. தாள் வெட்டும் கத்தரிக்கோலால் துணியைத் தொடக்கூடாது.

உடம்பில் அளவெடுக்கத் தயக்கமாக இருந்தால், அவர்களுக்குச் சரியாக உட்காரும் பழைய உடுப்பை வாங்கித் தரையில் விரித்து அளக்கலாம். அக்குளுக்கு அக்குள் 19 இன்ச் என்றால் சுற்றளவு 38. அந்த 38இல் தளர்வும் சேர்ந்தே இருக்கிறது, மறுபடி சேர்க்காதீர்கள். நேரே உடம்பில் எடுத்த அளவு என்றால் இழுபடாத துணிக்கு மார்பில் 3 இன்ச் அளவுக்குத் தளர்வு கூட்ட வேண்டும். புதிதாகத் தைப்பவர்களின் உடுப்பு பிடிப்பாகப் போவதற்குப் பெரும்பாலும் இந்தக் குழப்பம்தான் காரணம்.

பருத்தித் துணி தண்ணீரில் சுருங்கும். நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டபின் வெட்டுங்கள். தாள் வடிவத்தின் நேர்க்கோடு துணியின் கரையிலிருந்து மேலும் கீழும் ஒரே தூரத்தில் இருக்கவேண்டும். கோணலாக வைத்து வெட்டிய பாவாடை துவைத்தபின் ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும். பக்கத் தையலுக்கு 1 இன்ச் விடுங்கள், பின்னால் பிரித்துப் பெரிதாக்கலாம். கழுத்துக்கும் அக்குளுக்கும் கால் இன்ச்சிலிருந்து அரை இன்ச்சுக்குள் போதும், அதிகமானால் வளைவு இழுக்கும். கழுத்தை எப்போதும் சொன்னதைவிட அரை இன்ச் சின்னதாகவே வெட்டித் தொடங்குங்கள்.

“முதல்ல எதைத் தைச்சா காசு பார்க்கலாம்?”

ஆல்டர். பேண்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பக்கத்தில் பிடிப்பது அல்லது பிரித்துவிடுவது, கிழிசலுக்கு அடியில் துணி வைத்துத் தைப்பது. துணி வாங்க முதலீடு வேண்டாம், அளவு தவறும் அபாயம் குறைவு, அன்றே காசு. பெரிய டெய்லர்கள் இதைத் தொல்லை என்று ஒதுக்குவதால் வேலைக்கும் பஞ்சம் இருக்காது. அடுத்த படியாகத் தலையணை உறை, துணிப்பை, உள்பாவாடை, நைட்டி போன்ற நேர்த்தையல் வேலைகளை எடுக்கலாம். கழுத்துப் பட்டை வைத்த சட்டையும் உடம்பை ஒட்டிய உடுப்பும் கடைசி.

“கூலி எவ்வளவு கேக்கறதுன்னே தெரியல.”

எல்லாரும் தடுமாறும் இடம் இது. பக்கத்துக் கடையில் என்ன வாங்குகிறார்கள் என்று பார்த்து அதைவிடக் குறைத்துச் சொல்வது வழக்கம். அது கணக்கே இல்லை. இப்படிப் போடுங்கள். ஒரு மாதத்துக்கு வீட்டுக்கு வேண்டிய தொகையை எழுதுங்கள்: வாடகை, சாப்பாடு, பள்ளி, மருந்து. அதோடு மின்சாரம், ஊசி, எண்ணெய் ஆகியவற்றையும், மெஷின் விலையில் 60இல் ஒரு பங்கையும் கூட்டுங்கள். இந்த 60, மெஷின் 5 வருடம் உழைக்கும் என்ற கணக்கு. வந்த தொகையை 100ஆல் வகுத்தால் உங்கள் ஒரு மணி நேரத்தின் விலை.

ஏன் 100? மாதம் 25 நாள், நாளுக்கு 4 மணி நேரம். நீங்கள் 6 மணி நேரம் உட்கார்ந்தாலும் அளவெடுக்க, வந்தவரிடம் பேச, நூல் மாற்ற, இஸ்திரி போட என 2 மணி நேரம் கரைந்துவிடும். இனி ஒவ்வொரு வேலைக்கும் கடிகாரம் பார்த்து நேரத்தை நோட்டில் எழுதுங்கள். 45 நிமிட வேலை என்றால் மணி விலையில் முக்கால் பங்கு, அதன்மேல் நூல், ஜிப், கொக்கிச் செலவு. நூலைச் சும்மா விடாதீர்கள்: சாதாரணத் தையலுக்குத் தைத்த நீளத்தைப்போல் சுமார் இரண்டரை மடங்கு நூல் போகும், 3 நூல் ஓவர்லாக்குக்குச் சுமார் 14 மடங்கு.

இந்தத் தொகையைத் தொடக்கத்தில் யாரும் தரமாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் இந்தக் கணக்கு எந்த வேலையை விடவேண்டும் என்று காட்டிக்கொடுக்கும். பேண்ட் நீளம் குறைக்க 15 நிமிடம், முழுச் சட்டைக்கு 150 நிமிடம் என்றால், சட்டைக்கு பேண்ட் வேலையைப்போல் 10 மடங்கு கூலி வந்தால்தான் இரண்டும் சமம். வரவில்லையென்றால் சட்டைக்காகப் பெருமைப்பட ஒன்றுமில்லை.

“சொந்தக்காரங்க, அக்கம்பக்கத்துக்காரங்க ‘அப்புறம் தர்றேன்’னு சொல்றாங்க.”

பாதி முன்பணம், மீதி கையில் வந்தால்தான் துணி. ஆளுக்கு ஆள் மாறாத விதியாக ஓர் அட்டையில் எழுதி மெஷின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். நீங்கள் வாய் திறந்து கேட்கவேண்டிய சங்கடம் குறையும்.

“அவங்க துணியை நான் கெடுத்துட்டா?”

துணி வாங்கும்போதே அவர்கள் கண்முன் விரித்துப் பாருங்கள். கறை, ஓட்டை, நீளக் குறைவு எதுவாக இருந்தாலும் அப்போதே சொல்லி நோட்டில் குறியுங்கள். தவறு உங்களுடையது என்றால் துணியின் விலையை ஏற்கத்தான் வேண்டும். அதற்காக ஒவ்வொரு கூலியிலும் 20இல் ஒரு பங்கை ஒரு டப்பாவில் தனியாகப் போட்டு வாருங்கள். பட்டு, வெல்வெட், வழுக்கும் துணி ஆகியவற்றை முதல் வருடம் மறுப்பதில் வெட்கம் வேண்டாம்.

“கார்மென்ட்ஸ் கம்பெனிக்குப் போறதா, வீட்டுலயே தைக்கிறதா?”

கம்பெனியில் மாதச் சம்பளம் உண்டு, வேகம் வரும்; ஆனால் வருடம் முழுக்கக் கையை மட்டும் இணைத்துக்கொண்டிருப்பீர்கள். அங்கே ஒவ்வொரு வேலைக்கும் நிமிடக் கணக்கு இருக்கும். ஒரு தையலுக்கு முக்கால் நிமிடம் என்று வைத்தால் மணிக்கு 80 உருப்படி இலக்கு. புதிதாகச் சேர்ந்தவர் அதில் பாதியை எட்டவே நாளாகும். தொடக்க வாரங்களில் இலக்கு எவ்வளவு, மிகைநேரத்துக்கு மறுக்க முடியுமா, பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத நாளில் விடுப்பு உண்டா என்று கேட்டுச் சேருங்கள். ஷிப்ட் முடியும் நேரமும் பள்ளி விடும் நேரமும் ஒத்துவராவிட்டால் நல்ல சம்பளமும் நிலைக்காது.

வீட்டுக்கே துணிக்கட்டு கொண்டுவந்து உருப்படிக் கூலி தருபவர்களும் உண்டு. நூல் யாருடையது, ஏற்றி இறக்கும் செலவு யாருடையது, தள்ளுபடியான உருப்படிக்குப் பிடித்தம் உண்டா என்று முதலிலேயே பேசவேண்டும். அவர்கள் முன்னாலேயே எண்ணி வாங்குங்கள். அவர்கள் சொல்லும் கூலியை, முன்னே சொன்ன மணி விலையோடு ஒப்பிட்டால் ஏற்கலாமா என்பது 5 உருப்படி தைத்ததுமே தெரிந்துவிடும்.

“மெஷினுக்குக் கடன் வாங்கலாமா?”

ஆல்டர் வேலையில் 2 மாதம் காசு பார்த்தபின் வாங்கலாம். மாதத் தவணை, தையலில் வரும் வருமானத்தில் 5இல் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. வாரவட்டிக் கடனில் மெஷின் வாங்குவதைவிட வாடகை மெஷின் மேல்.

“முதுகும் கழுத்தும் விட்டுப்போகுது.”

நாற்காலியின் உயரம் சரியில்லை என்று அர்த்தம். துணியில் கை வைக்கும்போது தோள் தூக்காமல் முழங்கை மடங்கியிருக்க வேண்டும், முதுகுக்குச் சாய்மானம் வேண்டும். முக்காலியில் உட்கார்ந்து நாள் முழுக்கத் தைக்காதீர்கள். கட்டிங்கைத் தரையில் குனிந்து செய்யாமல் இடுப்பு உயர மேசையில் செய்யுங்கள். விளக்கு இடப்பக்கமிருந்து ஊசிமேல் விழட்டும். கருப்புத் துணியைப் பகலில் தைப்பதாக ஒதுக்கினால் கண்ணுக்கு நல்லது.

“தனியா இருக்கேன். யார் யாரோ வீட்டுக்கு வர்றது பயமா இருக்கு.”

துணி வாங்கவும் கொடுக்கவும் பகலில் ஒரு நேரத்தை மட்டும் வைத்து, வாசலோடு முடித்துக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு அளவெடுக்க வேண்டாம், பழைய உடுப்பைக் கொண்டுவரச் சொல்லுங்கள். விளம்பர அட்டையில் முகவரி போடாமல் எண்ணை மட்டும் போடலாம். தெரிந்த கடையொன்றில் துணியை வாங்கி வைக்கச் சொல்லிச் சிறு பங்கு தருவதும் ஒரு வழி.

“நாங்க 20 பெண்களுக்குப் பயிற்சி தந்து மெஷினும் கொடுத்தோம். பாதிப் பேர் தைக்கவே இல்லை. ஏன்?”

மெஷின் கிடைத்த அன்றே உங்கள் வேலை முடிந்ததாக நினைத்ததுதான் காரணமாக இருக்கும். அந்த வீடுகளில் மெஷின் போட இடமும் வெளிச்சமும் இருந்தனவா? ஊசி உடைந்தபோது எந்த எண் ஊசி வாங்கவேண்டும் என்று தெரிந்ததா? பயிற்சிக்காலத்தில் தினக்கூலி இழந்ததற்கு ஈடாக ஏதாவது கொடுத்தீர்களா? கொடுக்காவிட்டால், வாடகை கட்டும் வாரத்தில் அவர் கூலி வேலைக்குப் போயிருப்பார். அதைச் சோம்பல் என்று எழுதி மூடிவிடாதீர்கள்.

மெஷினோடு துணிக் கத்தரிக்கோல், டேப், 11, 14, 16 எண் ஊசிகள், 10 பாபின், தையல் பிரிப்பான், திருப்புளி, எண்ணெய், நாற்காலி, மேசை விளக்கு ஆகியவற்றையும் கொடுங்கள். முதல் மாத முடிவில் ஒரு மெக்கானிக்கை வீடு வீடாக அனுப்புங்கள். முதல் 10 ஆர்டரை நீங்களே பிடித்துத் தந்து முழுக்கூலி கொடுங்கள். ஒரே தெருவில் 20 பேருக்கும் நைட்டி மட்டுமே கற்றுத்தந்தால் ஒருவரையொருவர் கூலி குறைத்துக்கொள்வார்கள். சிலரை ஆல்டருக்கும், சிலரைச் சீருடைக்கும், சிலரைப் பைக்கும் பிரித்து வையுங்கள்.

“அஞ்சாறு பேர் சேர்ந்து பள்ளிச் சீருடை ஆர்டர் எடுக்கலாமா?”

எடுக்கலாம், வெட்டுவது ஒருவராக இருந்தால். ஆளுக்கொருவர் வெட்டினால் ஒரே அளவில் ஆறு சட்டை ஆறு விதமாக வரும். முதலில் ஒரு மாதிரி தைத்து, ஆர்டர் தருபவரிடம் கையெழுத்து வாங்கிய சீட்டை அதில் குத்தி, கடைசிவரை பத்திரமாக வையுங்கள். தகராறு வந்தால் பேசப்போவது அந்த மாதிரிதான். துணியை ஒரே சாயக்கட்டில், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்டதாக, மொத்தமாக வாங்குங்கள். இரண்டாம் முறை வாங்கினால் நிறம் சற்றே மாறும்.

பங்கை ஆளுக்குச் சமமாகப் பிரிக்காதீர்கள். வெட்டுவது, இணைப்பது, காஜா, பட்டன், இஸ்திரி என்று ஒவ்வொன்றுக்கும் நிமிடம் அளந்து, அந்த விகிதத்தில் கூலியைப் பிரியுங்கள். நூல் வெட்டிச் சரிபார்ப்பவருக்கும் அதே மணி விலைதான். ஆர்டர் தருபவர் பணம் தரத் தாமதித்தாலும் தைத்தவர்களுக்கு வாரக்கூலி போகவேண்டும்; அந்த அளவுக்காவது முன்பணம் கைக்கு வராமல் துணியில் கத்தரி வைக்காதீர்கள்.